ஆளோலையும் கொடிவழியும்

பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இட்டு மகிழும் மரபினர் நாம். கொடிவழி வரைந்து பார்ப்பதில் நமக்குள்ள விருப்பம் பழமையானது. கடல் கடந்து வாழும் குடும்பங்களில் அது இன்னும் மிகுந்து காணப்படுகிறது. சித்தூர், சந்திரகிரி, திருப்பதி, திருத்தணி ஆகிய ஊர்ப்புறங்களிலிருந்து வந்த குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. ஏழு தலைமுறைக்கு முற்பட்ட மூதாதை இன்ன ஊரில் மணியம் பார்த்தார், இன்னவர் ஏரிக்குக் கரை கட்டினார், இன்னவர் திருமலைக்குப் பூந்தோட்டம் விட்டார் என்றெல்லாம் நம் வீடுகளில் செய்திகள் வழங்குகின்றன. அப்படங்களில் நிலம் இடம்பெறும், கிணறு இடம்பெறும், மாந்தோப்பும் இடம்பெறும். ஏர் பிடித்தவர், ஏற்றம் இறைத்தவர் பெயர் மட்டும் இராது. அவர்கள் யாவர், அவர்கள் வழியினர் இன்று எங்குள்ளனர் என்னும் வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினாவை நம்மினும் முன்னரே எழுப்பியவர்கள் அமெரிக்க நாட்டினர். அங்கு அடிமைகளை வைத்திருந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் தம் முன்னோர் ஆவணங்களைத் தாமே துருவிப் பார்க்கும் வழக்கம் பரவியிருக்கிறது. அவர்களுக்குக் கிடைக்கும் ஏடுகளின் இயல்பு நாம் அறியத்தக்கது. அந்நாட்டின் முதல் மக்கள்தொகைக் கணக்கு 1790ஆம் ஆண்டுக்குரியது. அதில் குடும்பத் தலைவர் பெயர் இருக்கும். அவருடைய அடிமைகள் வெறும் எண்ணிக்கையாக நிற்பர். 1850, 1860 ஆகிய ஆண்டுகளில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் எடுத்தனர். அதிலும் உடையவர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் என்னும் மூன்றே குறிக்கப்பட்டன. சில இடங்கள் நீங்கலாக அடிமையின் பெயர் எழுதப்படவில்லை. விடுதலை பெற்றோர் அனைவரும் பெயரோடு எழுதப்பட்டது 1870ஆம் ஆண்டுக் கணக்கில்தான். அதற்கு முன்னே செல்ல விரும்பும் கறுப்பின மக்கள் உடையவரின் உயிலையும், அவர் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியலையும், விற்பனைப் பத்திரத்தையுமே நாட வேண்டும். குதிரை, கட்டில், செப்புக் குடம் ஆகியவற்றுக்கிடையே தம் மூதாட்டியின் பெயரையும் விலையையும் அவர்கள் அங்குக் காண்கிறார்கள்.

தென் கரோலினாவின் பால் குடும்பத்து வரலாறு இதற்குச் சிறந்த சான்று. 1698இல் அங்குக் குடியேறிய இலயஸ் பால் என்பவரின் மரபினர் அடிமை முறை ஒழியும்வரை பல நெற்பண்ணைகளை நடத்தினர். நெல் என்றவுடன் நமக்கு ஒரு நெருக்கம் தோன்றுகிறதல்லவா? அக்குடும்பத்தில் பிறந்த எட்வர்ட் பால் என்னும் எழுத்தாளர், தம் வீட்டுக் கணக்குகளைக் கொண்டே அடிமைகளின் வழியினரைத் தேடிச் சென்று 1998இல் நூலாக எழுதினார். 1756இல் அக்குடும்பத்தார் சார்ல்ஸ்டன் துறையில் வாங்கிய சிறுமி ஒருத்திக்கு அப்போது அகவை ஏறத்தாழப் பத்து. அவளுக்கு அவர்கள் இட்ட பெயர் பிரிசில்லா. பண்ணைக் கணக்கையும் கப்பற் கணக்கையும் இணைத்துப் பார்த்ததில் அவள் சியரா லியோன் கரையிலிருந்து வந்தவள் என்பது தெளிவாயிற்று. அவள் வழிவந்த பெண்மணி ஒருவர் 2005இல் அக்கரைக்கே சென்று வந்தார். உடையவர் வீட்டுப் பரணில் ஏடு கிடந்திராவிட்டால் இது கைகூடியிராது.

நம் நாட்டில் இத்தகைய அடிமைகளே இல்லை என்று கூறுவாரும் உளர். அவர்களுக்குப் பெரியபுராணத்தையே விடையாகக் காட்டலாம். புத்தூரில் சுந்தரரின் திருமணத்தின்போது முதியவர் ஒருவர் வந்து, மணமகனின் பாட்டனார் தமக்கு எழுதிக் கொடுத்த ஆளோலை உண்டென்று வழக்கிடுகிறார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் உளது என்கிறார் முதியவர். திருவெண்ணெய்நல்லூர் அவையினர் அதைப் படித்துப் பார்க்கின்றனர். சாட்சிகளின் கையெழுத்தை ஆராய்கின்றனர். பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிடத்திலிருந்து வருவித்து ஒப்பு நோக்குகின்றனர். வந்தவர் இறைவன் என்பது பத்தி நெறி. வரலாற்றை நோக்குவார்க்கு அங்கு வேறொன்று புலப்படும். பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டும் என்பதில் அவையில் ஒருவர்க்கும் ஐயம் இல்லை. படியும் மூலமும் காப்பிடமும் சாட்சியும் கொண்ட முறை ஒன்று சேக்கிழார் காலத்துக் கேட்போர்க்குப் பழகிப்போயிருந்தது. அந்தணரும் அடிமையாகலாமோ என்பது ஒன்றே அங்கு வியப்புக்குரியதாயிற்று.

புராணத்தை விட்டுக் கல்லுக்கு வருவோம். திருவாலங்காடு இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பினும், சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானது முதல் 1960வரை அம்மாவட்டத்துத் திருத்தணி வட்டத்தோடு இருந்தது. அதற்கு முன் வட ஆர்க்காட்டில் இருந்தது. அந்த வட ஆர்க்காட்டிற்கும் 1911வரை தலைநகர் சித்தூரே. காரைக்காலம்மையார் தலையால் நடந்து சென்றதாகப் போற்றப்படும் அவ்வூரில் 1905இல் கிடைத்த செப்பேடுகளை அறியாத தமிழ் ஆர்வலர் இலர். முதலாம் இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுக்கு, அதாவது 1018ஆம் ஆண்டளவுக்கு உரியவை. ஏடுகள் முப்பத்தொன்று. பழையனூர் என்னும் ஊரை ஆலங்காட்டு இறைவற்கு அளித்த ஆணை அது. அதன் வடமொழிப் பகுதி சோழர் கொடிவழியைக் கதிரவனிலிருந்து தொடங்குகிறது. மனு, இக்குவாகு, சிபி என்று புராண மன்னரை வரிசைப்படுத்தி விசயாலயனைத் தொட்டு இராசேந்திரனில் முடிகிறது. தமிழ்ப் பகுதியில் ஆணையை எழுதிய அலுவலர்களின் பெயர்கள் வருகின்றன. பொறித்த கம்மியர் பெயரும் அச்செப்பேட்டில் உண்டு.

அதே கோயிலின் கல்வெட்டொன்று பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் இராசாதிராசன் காலத்துக்குரியது. நான்கு பெண்களை 700 காசுக்குக் கோயிலுக்கு விற்ற செய்தியை அது கூறுகிறது. தேவரடியார் அனைவரும் விலைக்கு வாங்கப்பட்டோர் என்று கொள்ளுதல் பிழை; நிலமும் பொன்னும் உடையவராய்த் தாமே கோயிலுக்கு அறம் செய்த தேவரடியார் பலர் கல்வெட்டுகளில் உளர். ஆயினும் இந்நால்வரும் விலைப்பட்டவர்கள். ஒரு கோயிலில் ஒருபால் கதிரவனைத் தொடும் கொடிவழி; மறுபால் தலைக்கு 175 காசு என்று வகுத்துக் கொள்ளத்தக்க ஒரு விலை. நம் நூல்கள் செப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. கல்வெட்டை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. சோழர் பெருமை பேசும் மேடைகளில் நாமும் அவ்வாறே கடந்து வந்திருக்கிறோம்.

விலைப்பட்டோர் ஒரே குலத்தினர் என்று எண்ணவும் இடமில்லை. தஞ்சை நாட்டுத் திருப்பாம்புரத்தில், 1201ஆம் ஆண்டளவில், பஞ்சத்தால் நெல் விலை ஏறிக் காசுக்கு மூன்று நாழியாக நின்றபோது வேளாளர் ஒருவர் தம்மையும் தம் இரு மகளிரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார் என்று அவ்வூர்க் கல்வெட்டு கூறுகிறது. கொடிவழியில் மேலே ஏறிச் செல்வோர் தம் முன்னோரை உடையவர் வரிசையில் காண்பரோ, உடைமை வரிசையில் காண்பரோ, யார் அறிவார்!

இனித் திருப்பதிக்கு வருவோம். திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளைத் தேவஸ்தானம் 1930களில் தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. பத்தாம் நூற்றாண்டில் சாமவை என்னும் பல்லவ குலப் பெண்மணி திருமலையில் வெள்ளித் திருமேனி ஒன்றை எழுந்தருளுவித்து அணிகலனும் நிலமும் வழங்கினார். அவர் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்பது கல்லில் தெளிவாக உள்ளது. போக சீனிவாசர் என்று வணங்கப்படும் அத்திருமேனியை இன்றும் காண்கிறோம். விசயநகர வேந்தர் காலத்தில் இத்தகைய அறக்கட்டளைகள் பெருகின. ஊர்கள் திருவிடையாட்டமாக விடப்பட்டன. ஏரியும் கால்வாயும் வெட்டப்பட்டன. விளைவு இத்தனை பங்கு, பிரசாதத்தில் கொடுத்தவர்க்கு இத்தனை பங்கு என்று கணக்கு நுட்பமாக எழுதப்பட்டது. கொடுத்தவரின் தந்தை பெயர், கோத்திரம் முதலியன அக்கல்வெட்டுகளில் நிறைய உள்ளன. அந்நிலத்தை உழுதவரைக் கொடிவழியாக வரைய அவற்றில் இடமில்லை. திருமலைப் படியேறும் அடியவர் பலர் கல்லைத் தொட்டு வணங்கிச் செல்கின்றனர். ஓரிடத்தில் நின்று அதனைப் படித்துப் பார்த்தல் நன்று.

திருப்பதிக்கு அணித்தே உள்ள சந்திரகிரியின் கதை கடலையும் தொடுகிறது. அங்குக் கோட்டை கொண்டிருந்த ஆரவீட்டு மரபின் இசைவு பெற்றே ஒல்லாந்தர் 1610இல் பழவேற்காட்டில் கால் ஊன்றினர். அம்மரபின் ஆட்சிப்பெயரால் நாயக்கர் அளித்த இசைவைக் கொண்டே ஆங்கிலேயர் 1639இல் சென்னையைப் பெற்றனர். துணிக்காக வந்தவர்கள் ஆட்களையும் கொண்டு சென்றனர். பஞ்சமும் போரும் நேர்ந்தபோதெல்லாம் சோழமண்டலக் கரையில் ஆள் விலை வீழ்ந்தது, கப்பல்கள் நிறைந்தன. 1659 முதல் 1661வரை தஞ்சைப் பகுதியில் நேர்ந்த பஞ்சத்தின்போது ஒல்லாந்தர் ஏற்றிச் சென்றவர்கள் 8,000 முதல் 10,000 பேர் என்று கணக்கிடுகின்றனர். அவர்கள் இலங்கைக்கும் மலாக்காவிற்கும் பத்தாவியாவிற்கும் போயினர்.

சென்னையில் 1687 முதல் 1692வரை ஆளுநராக இருந்தவர் எலைகு யேல். அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தவர். ஐரோப்பாவிற்குப் புறப்படும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை அனுப்ப வேண்டும் என்ற விதி அவர் காலத்துக் கோட்டையில் நடப்பில் இருந்தது. சென்னையில் ஈட்டிய செல்வத்திலிருந்து நூல்களும் துணிப் பொதிகளும் 1718இல் கனெக்டிகட்டின் ஒரு கல்லூரிக்கு அவர் அனுப்ப, அது அவர் பெயரைப் பூண்டது. அவர் உருவம் தீட்டிய பழைய ஓவியம் ஒன்றில் கழுத்தில் உலோகப் பட்டை பூட்டிய சிறுவன் ஒருவன் ஓரத்தில் நிற்கிறான். அவன் யாரென்று தேட ஓர் ஆய்வுக் குழுவையே அப்பல்கலைக்கழகத்தின் ஓவியக்கூடம் அமைத்தது. அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக அப்பல்கலைக்கழகம் 2024இல் முறைப்படி மன்னிப்புக் கோரியது. நம் பிள்ளைகள் இடம் கிடைக்காதா என்று ஏங்கும் கல்லூரி அது!

அமெரிக்கப் பழைய ஏடுகளில் நம் பக்கத்தவர் சிலரே தென்படுகின்றனர். வர்ஜீனியாவில் 1635இல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் நிலம் பெறுவதற்காகத் தாம் அழைத்து வந்தோர் பட்டியலைக் காட்டினார். தலைக்கு 50 ஏக்கர் என்பது அக்காலத்து விதி. அப்பட்டியலில் டோனி என்னும் கிழக்கிந்தியன் ஒருவன் உளன். அவன் அடிமையாக வந்தவன் என்று அவ்வேடு கூறவில்லை. எந்த ஊரான், தாய் தந்தையர் இட்ட பெயர் யாது என்பனவும் இல்லை. மெனிஃபியின் வாழ்வைப் பல ஏடுகளில் தொடர்ந்து படிக்கலாம். டோனியை அறிய அந்த ஒரு வரியைக் கடந்து செல்ல வழியில்லை.

இவற்றையெல்லாம் படித்தபின் நம் மாவட்டத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டை நோக்கினால் வேறுபாடு ஒன்று புலனாகிறது. ஆங்கில நாடாளுமன்றம் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியது. மேற்கிந்தியத் தீவுகள் முதலிய இடங்களின் உடையவர்களுக்கு இரண்டு கோடிப் பவுன் இழப்பீடு ஒதுக்கப்பட்டது. இழப்பீடு கேட்டவர்கள் தம்மிடமிருந்த அடிமைகளைக் கணக்குக் காட்ட வேண்டியதாயிற்று; அதற்கு முன்பே அங்கு அடிமைப் பதிவேடுகளும் இருந்தன. அதனால் பெயர்கள் எஞ்சின. கம்பெனி ஆட்சிப் பகுதிகளும் இலங்கையும் செயிண்ட் எலினாவும் அச்சட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. இலங்கையில் யாழ்ப்பாணப் பகுதி அடிமைகளைப் பதிவு செய்ய 1818இலேயே விதி செய்தனர். நம் பக்கத்திற்கோ 1841இல் சட்டக் குழுவின் அறிக்கையும் 1843இல் ஐந்தாம் சட்டமும் வந்தன. அச்சட்டம் யாரையும் விடுதலை செய்வதாக முழங்கவில்லை. அடிமை என்னும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கா என்ற அளவில் நின்றது. இழப்பீடு இல்லை, ஆகவே பட்டியலும் இல்லை. ஆளை அடிமையாக வாங்கலும் விற்றலும் குற்றம் என்பது தண்டனைச் சட்டம் 1862இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் உறுதியாயிற்று.

பட்டியல் இல்லாமற் போனதன் விளைவை நாம் இன்று உணர்கிறோம். வட ஆர்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் படியாள் என்றும், தெலுங்கு பேசும் வீடுகளில் பாலேரு என்றும் அழைக்கப்பட்டவர்கள் 1843க்குப் பிறகும் அதே களத்தில், அதே வீட்டாருக்கு உழைத்தனர். படியால் அளந்த தானியமே கூலி, அதனால் படியாள். சித்தூர்ப் பக்கத்து மேட்டு நிலங்களில் அது பெரும்பாலும் கேழ்வரகாக இருக்கும். மகன் திருமணத்திற்கு வாங்கிய கடன் சீட்டாயிற்று. சீட்டு மகனைக் கட்டியது. திருவெண்ணெய்நல்லூர் அவையில் கேட்ட வாதம் பெயர் மாறித் தொடர்ந்தது எனலாம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல்தான் வந்தது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். நம்மில் முதியோர் பலர் அப்போது நன்கு வளர்ந்தவர்கள்.

உடையவர் பக்கத்து ஆவணங்களோ குறைவில்லாமல் உள்ளன. மெக்கன்சி தொகுத்த சுவடிகளில் பாளையக்காரர் வமிசாவளிகள் பலவற்றைக் காணலாம். 1858இல் அமைந்த இனாம் ஆணையத்தின் பதிவேடுகளில் மானியத்தை முதலில் பெற்றவர், இப்போது துய்ப்பவர், அவர்க்கு இவர் என்ன உறவு என்று எழுதியிருக்கிறது. பட்டா, அடங்கல், பதிவலுவலகப் பத்திரம் ஆகியன அதற்குப் பின் தொடர்கின்றன. மாவட்டம் பிரிந்ததனால் ஏடுகளும் பிரிந்தன என்பது உண்மையே. வட ஆர்க்காட்டுப் பழைய ஏடுகளுக்குச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தையும், பிந்தையவற்றுக்குச் சித்தூரையும் நாட வேண்டும். திருப்பதி 2022இல் தனி மாவட்டமானபின் அலுவலகம் இன்னொன்று கூடியிருக்கிறது. அலைச்சல் உண்டேயன்றி, நிலம் உடைய குடும்பத்திற்கு ஆறேழு தலைமுறை கிட்டுவது அரிதன்று. படியாளுக்கு இவற்றில் ஓர் இடமும் இல்லை.

அவ்வாறாயினும் படியாள் குடும்பங்களுள் சிலர்க்கு மட்டும் பெயரும் ஊரும் ஏட்டில் நிலைத்தன. அவர்கள் ஊரை விட்டுக் கப்பல் ஏறியவர்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட டுரூரோ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் நேட்டால் துறையை அடைந்தது முதல், 1911வரை அந்நாட்டிற்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் ஒன்றரை இலக்கத்துக்கும் மேற்பட்டோர். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண். அதனோடு பெயர், தந்தை பெயர், வயது, சாதி, சில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் என்று எழுதினர். அப்பட்டியல்களில் வட ஆர்க்காட்டுச் சில்லா மீண்டும் மீண்டும் வருகிறது. கூலி ஓடிவிட்டால் பிடிப்பதற்காக எழுதிய ஏடு அது, கருணையால் எழுதியதன்று. எனினும் அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு 1870இல் கிட்டியது இவர்களுக்குக் கப்பல் ஏறும் நாளிலேயே கிட்டிவிட்டது. களத்தில் தங்கிவிட்ட அண்ணனுக்குப் பெயர் இல்லை. கப்பல் ஏறிய தம்பிக்குத் தந்தை பெயரோடு பெயர் உண்டு.

அத்தம்பிகளின் பேரர்கள் இன்று தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மொரீசியசிலிருந்தும் ஏட்டுப் படியோடு ஊர் தேடி வருகிறார்கள். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதிய ஊர்ப்பெயர் எந்த ஊரைக் குறிக்கும் என்பதே அவர்க்கு முதல் இடர். ஊரைக் கண்டுபிடித்தாலும் அங்குத் தந்தை பெயரை ஒப்புநோக்க வேறோர் ஏடு வேண்டும். திருவெண்ணெய்நல்லூரில் அவையினர் காப்பிடத்திலிருந்து வருவித்தது போன்ற இரண்டாம் ஓலை அது. அரசு அலுவலகத்தில் அது இல்லை என்பதை மேலே கண்டோம். இருக்கக்கூடிய இடம் பழைய நிலக்கிழார் வீடு ஒன்றே. களத்துக் கணக்கு, படி அளந்த கணக்கு, ஆள் பேரில் எழுதிய கடன் சீட்டு, பொங்கலுக்குத் துணி கொடுத்த பட்டியல் ஆகியன அங்குக் கறையானுக்கு இரையாகின்றன. ஊர் வீட்டை விற்கும்போது நாமே அவற்றைப் பழைய தாள் விலைக்குப் போடுகிறோம். பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பத்திரமாக எடுத்து வருகிறோம். கணக்குச் சுவடியைக் கட்டோடு விட்டு வருகிறோம்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் பரணில் உள்ள கட்டை அவிழ்த்துப் பார்க்கலாம். எழுத்துத் தெலுங்காக இருக்கலாம், தமிழாகவும் இருக்கலாம். சித்தூர்ப் பக்கத்து வீடுகளில் இரண்டும் கலந்தும் வரும். வரவு செலவுக்கு நடுவே, முன்னொட்டும் பின்னொட்டும் இன்றி, ஆள் பெயர்கள் நிற்கும். பெயருக்கு நேரே இத்தனை படி கேழ்வரகு என்றிருக்கும். சில இடங்களில் இன்னார் மகன் என்றும் இருக்கும்.